எந்த வழியா வந்தீக?

வேலையில் சேர்ந்த அன்று, கணினியிலிருந்து முகத்தைத் திருப்பாமலே அவள் என்னிடம் கேட்ட முதல் கேள்வி: "எந்த வழியா வந்தீக?"

"சாத்தூர்ல இருந்து. பஸ்ஸுல," என்றேன்.

"ஊரைக் கேக்கலை. முன் படியா, பின் படியா?"

எங்கள் அலுவலகம் சிவகாசியில் ஓர் அச்சகத்தின் மாடியில் இருந்தது. முன்படியில் ஏறினால் அச்சகத்தின் இரைச்சலையும் மை வாசனையையும் தாண்டி வரவேண்டும். பின்படி சந்துப் பக்கம். நான் பின்படியில் வந்திருந்தேன். அதைச் சொன்னதும் எழுந்து போய்ப் பின்கதவின் தாழ்ப்பாளை இரண்டு தரம் இழுத்துப் பார்த்துவிட்டு வந்தாள். "அது சிக்குதுன்னு சொல்லிக்கிட்டே இருக்கேன். உங்களுக்குத் தொறந்துச்சுல்ல? சரி, உக்காருங்க," என்றாள். புதிதாக வந்தவளை வரவேற்கிற லட்சணம் இதுதானா என்று எனக்கு எரிச்சலாக இருந்தது. அந்த எரிச்சல் அடங்க மாசக்கணக்கானது.

அவள் பெயரைச் சொல்ல மாட்டேன். சொன்னால் அவளுக்குப் பிடிக்காது என்பது ஒரு காரணம். யாராவது தேடிப் பிடித்து அவளைப் பாராட்டித் தொலைப்பார்கள் என்பது இன்னொன்று. என் வயதுக்காரி. நாரணாபுரம் பக்கத்துப் பெண். அப்பா இல்லை, அம்மா பட்டாசு ஆலையில் வேலை பார்த்து அவளைப் படிக்க வைத்தாள். நான் வாத்தியார் வீட்டுப் பிள்ளை, ஞாயிறு தவறாமல் மாதா கோயில் பூசைக்குப் போகிற வீடு. என்னை எல்லாவற்றையும் நம்பச் சொல்லி வளர்த்தார்கள். அவளை எதையும் நம்பாதே என்று யாரும் சொல்லி வளர்க்கவில்லை. அவளாகவே அப்படி வளர்ந்துவிட்டாள்.

நாங்கள் செய்த வேலையைக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் அவளைப் புரியாது. இணையதளம் கட்டுவதில் ஒரு முறை உண்டு. குறிப்பிட்ட ஒரு ஃபோல்டருக்குள் ஒரு ஃபைலைப் போட்டால் போதும், அதுவே தளத்தில் ஒரு பக்கமாகிவிடும். ஃபைலின் பெயர்தான் அந்தப் பக்கத்தின் விலாசம். "விலை" என்று ஃபைல் வைத்தால் விலைப் பக்கம். தனியாக எங்கும் போய்ப் பதிய வேண்டியதில்லை. பக்கம் விட்டுப் பக்கம் போகும்போது முழுத்திரையும் வெளுத்து மறுபடி வராது. மாற வேண்டிய துண்டு மட்டும் மாறும். பார்க்கிறவருக்கு எல்லாம் ஒரே பக்கத்துக்குள் நடப்பது போலிருக்கும். அம்புட்டு வேகமாக வேலை நடக்கும். எனக்கு இது ஒரு வரம் என்று பட்டது. அவளுக்கு இது ஒரு சந்தேகக் கேஸ்.

"ஒரு பக்கத்துக்கு நேராவும் வரலாம், இன்னொரு பக்கத்துல இருந்தும் வரலாம். ரெண்டும் ஒண்ணுன்னு நீ நெனைக்கே. அது நெனைக்கல," என்பாள்.

ஒருமுறை ஒரு காலண்டர் கம்பெனிக்குத் தளம் செய்து கொடுத்தோம். ஆர்டர் குவிகிற நேரத்தில், வெளியூர் வியாபாரிகள் மாதிரிப் படங்கள் திறக்கவில்லை என்று புகார் சொன்னார்கள். எங்கள் முதலாளியை நாங்கள் அண்ணாச்சி என்போம். அவர் தன் போனில் திறந்து பார்த்து, "எனக்கு வருதே, அவுக போன்ல கோளாறு," என்று முடித்துவிட்டார். அவள் விடவில்லை. புகார் சொன்னவரையே கூப்பிட்டாள். எடுத்த எடுப்பில் அதே கேள்விதான். "ஐயா, நீங்க எந்த வழியா வந்தீக? முகப்புல இருந்து ஒவ்வொண்ணா தொட்டு வந்தீகளா, யாராச்சும் அனுப்புன லிங்கை அமுக்கி வந்தீகளா?"

லிங்க்தான். முகப்பு வழியாக உள்ளே வந்தவர்களுக்குத் தளத்துக்குள் ஓடுகிற செயலியே வழி காட்டியது. லிங்க்கை அமுக்கி நேராக வந்தவர்களுக்கு அந்தச் செயலி இன்னும் விழிக்கவே இல்லை. வாசலில் நின்ற சர்வர் அப்படி ஒரு பக்கமே இங்கே இல்லையென்று திருப்பி அனுப்பிக்கொண்டிருந்தது. அண்ணாச்சி எப்போதும் முகப்பு வழியாகவே போகிறவர், அவருக்கு எப்படித் தெரியும்? அரைமணி நேரத்தில் சரி செய்தாள். அண்ணாச்சி பாராட்டியபோது காது கேளாதவள் போல இருந்தாள்.

வெளியிலும் இதே கதைதான். என் அக்கா கல்யாணத்துக்கு வந்தவள், மாலையும் கழுத்துமாக இருந்த மணமக்களைப் பார்ப்பதற்கு முன் சமையல்கட்டு வழியாக ஒரு சுற்றுப் போய்விட்டு வந்தாள். "பின்னால ஒரு கதவு இருக்கு, அண்டாவை வச்சு மறிச்சிருக்காக," என்று என் அப்பாவிடம் சொன்னாள். அப்பா வாத்தியார் அல்லவா, அவள் சொன்னதை மதித்து அண்டாவை நகர்த்தச் சொன்னார். சமையல்காரர் எங்கள் எல்லோரையும் முறைத்தார். எனக்கு மானம் போயிற்று. "நீ சாப்பிடத்தானே வந்தே?" என்று கேட்டேன். "சாப்பிடத்தான் வந்தேன். வெளிய போகவும் வேணும்ல?" என்றாள்.

நான் அவள் வீட்டுக்குப் போன பிறகுதான் என் வாய் கொஞ்சம் அடங்கியது. அன்று அவள் அம்மா வேலை முடிந்து வந்து, அலுமினியப் பொடி பளபளக்கிற கைகளைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவிக்கொண்டிருந்தார். இவள் துண்டை நீட்டிக்கொண்டே கேட்டாள்: "இன்னிக்கு எந்த ரூமு?"

"காலையில ஒம்பது. சாப்பாட்டுக்குப் பெறகு ஆளு குறையுதுன்னு பன்னெண்டுக்கு மாத்திட்டாக."

"சொன்னாகளா, எழுதுனாகளா?"

"வாய்ல சொன்னாக. இதுக்கெல்லாம் எழுதிக்கிட்டா இருப்பாக?"

அவள் துண்டை வாங்கிக் கொடியில் போட்டாள். பட்டாசு ஆலையில் ஒவ்வொரு அறையும் தனித்தனியாக, தள்ளித் தள்ளி நிற்கும். அதை அங்கே ரூம் என்றுதான் சொல்வார்கள். ஓர் அறையில் இத்தனை பேர்தான் இருக்கலாம் என்று கணக்கு உண்டு. ஆனால் சீசனில் ஆளை இங்கிருந்து அங்கே மாற்றிக்கொண்டே இருப்பார்கள். அவள் பள்ளிக்கூடம் போகிற காலத்தில் அந்தத் தெருவில் ஓர் அத்தை இருந்திருக்கிறார், சொந்தமில்லை, அப்படிக் கூப்பிடுவார்களாம். விபத்து நடந்த அன்று அவரைக் காலையில் இருந்த அறைப் பக்கம் தேடியிருக்கிறார்கள். மத்தியானம் அவரை வேறு அறைக்கு மாற்றியது யாருக்கும் நினைவில் இல்லை. இதை அவள் என்னிடம் ஒரே ஒரு தடவைதான் சொன்னாள். மேலே என்ன ஆயிற்று என்று நான் கேட்கவில்லை, கேட்கத் தைரியமில்லை.

அதனால், அவள் அம்மா வேலை பார்த்த ஆலையே எங்களிடம் வந்து, எந்த அறையில் யார் இருக்கிறார்கள் என்று காட்டுகிற ஒரு செயலி வேண்டும் என்று கேட்டபோது, அண்ணாச்சி அந்த வேலையை யாருக்குக் கொடுப்பது என்று யோசிக்கவே இல்லை. அவள் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டாள்.

ஆலைக்குள் செல்போன் கொண்டுபோக முடியாது. கேட்டிலேயே போனையும் கொலுசையும் கழற்றிக் கொடுத்துவிட்டுத்தான் உள்ளே போகவேண்டும். எனவே திரை கேட் அறையில் மட்டும் இருக்கும். அங்கே உட்கார்ந்திருக்கிற கணக்கப்பிள்ளை, ஆளை மாற்றும்போதெல்லாம் அதில் மாற்றுவார். ஏதாவது ஆகிவிட்டால், எல்லோரும் கேட்டுக்கு ஓடிவருவார்கள். அவர் ஒவ்வோர் அறையாகத் திறந்து பெயர் கூப்பிட்டு, வந்துவிட்டார்களா என்று பார்ப்பார். செயலியின் பயன் அவ்வளவுதான்.

இத்தனை அறைகளுக்கும் தனித்தனி ஃபைல் எழுதமாட்டோம். ஃபைல் பெயரில் அறை எண் வரவேண்டிய இடத்தைச் சதுர அடைப்புக்குறிக்குள் பொதுவாக விட்டு, ஒரே ஒரு ஃபைல். எந்த எண்ணைக் கேட்டாலும் அதே ஃபைல்தான் வந்து நின்று, அந்த எண்ணுக்குரிய பெயர்களை எடுத்துக் காட்டும்.

சோதித்துப் பார்க்கப் பொய்யாகச் சில பெயர்கள் வேண்டும். வழக்கமாக வாயில் வந்ததை அடித்துவிடுவோம். அவளுக்கு அது முடியவில்லை. ஒரு பெயரை அடிப்பாள், அழிப்பாள். கடைசியில் எல்லா அறையிலும் தன் அம்மா பெயரைப் போட்டாள். ஒன்றாம் ரூமில் அம்மா, இரண்டாம் ரூமில் அம்மா, கடைசி ரூம் வரை அம்மா.

நான் திரையைக் கையால் மறைத்தேன். "வேற பேரு போடேன், புள்ள. பாக்கவே நல்லால்ல."

"யாரு பேரைப் போட? யாரு பேரைப் போட்டாலும் அவுகளுக்கு ஒரு வீடு இருக்கும்," என்றாள்.

நேராக வந்து பார்த்தாள். முகப்பிலிருந்து வந்து பார்த்தாள். பின்னால் போய் மறுபடி வந்து பார்த்தாள். எந்த வழியாக வந்தாலும் அந்த அறையும் அம்மா பெயரும் சரியாக வந்தன. ஒப்படைக்கிற அன்று ஆலை மேனேஜர், "ஒவ்வொரு ரூமுக்கும் முகப்புக்குப் போயிட்டுப் போயிட்டு வரணுமா? அவசரத்துக்கு ஆகாதும்மா. அடுத்துன்னு ஒரு பட்டன் வச்சுக் குடுங்க," என்றார். நியாயமான பேச்சு. அங்கேயே உட்கார்ந்து வைத்துக் கொடுத்தாள். அதையும் அமுக்கிப் பார்த்தாள். எண் மாறியது. கீழே அம்மா பெயர். சரியாகத்தான் இருந்தது.

பிறகு சோதனைப் பெயர்களை அழித்துவிட்டு உண்மையான பெயர்களை ஏற்றினோம்.

தீபாவளிக்கு முந்தைய சீசன். காலை நேரம். நான் டீ வாங்கிவந்து மேசைமேல் வைக்கிறேன், ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. சத்தம் அதற்குப் பிறகுதான் வந்த மாதிரி இருந்தது. கீழே அச்சகத்தில் இயந்திரங்கள் ஒவ்வொன்றாக நின்றன. சிவகாசியில் இருப்பவர்களுக்கு அந்தச் சத்தத்தை யாரும் விளக்கவேண்டியதில்லை. எல்லோரும் எழுந்து ஜன்னல் பக்கம் போனோம். நாரணாபுரம் திசையில் வெள்ளைப் புகை.

அவள் ஜன்னலுக்கு வரவில்லை. போனை எடுத்து கேட் அறை எண்ணை அடித்துக்கொண்டிருந்தாள். எடுக்கவில்லை. மறுபடி அடித்தாள். மறுபடி. அண்ணாச்சி அவள் பின்னால் வந்து நின்று நாற்காலியைப் பிடித்துக்கொண்டார். கடைசியில் கணக்கப்பிள்ளை எடுத்தார். அவர் போனை ஸ்பீக்கரில் போட்டு மேசையில் வைத்துவிட்டு வேலையைப் பார்க்கிறார் என்பது கூச்சலிலிருந்தே தெரிந்தது. இவளும் ஸ்பீக்கரில் போட்டாள்.

"வெடிச்சது பதினாறாம் ரூமுதாம்மா. அங்கன இருந்தவுக வெளிய வந்துட்டாக, ஆளு சேதம் இல்ல. பக்கத்து ரூம்ல எல்லாம் கூரை போயிருச்சு. பேரு கூப்பிட்டுக்கிட்டிருக்கேன், இருங்க."

பெயர்கள் கேட்டன. ஒவ்வொரு பெயருக்கும் ஒரு குரல், "இந்தா இருக்கேன்." பதின்மூன்று முடிந்தது. பதினாலு. முதல் பெயரே அவள் அம்மாவுடையது.

"உங்கம்மா இந்தா நிக்காகம்மா. ஒண்ணும் ஆகல. நிக்காக."

நான் "மாதாவே" என்று சொல்லி அவள் தோளைப் பிடித்தேன். அண்ணாச்சி நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தார். அவள் கண்ணை மூடித் திறந்தாள், அவ்வளவுதான். பதினாலில் இருந்த நாலு பேரும் கேட்டில் நின்றார்கள்.

"பதினஞ்சு," என்றது குரல். மறுபடியும் அவள் அம்மா பெயர். மறுபடியும் அதே நாலு பெயர்கள். நாலுக்கும் நாலு குரல்கள், கொஞ்சம் குழப்பமாக, "இந்தா இருக்கோம்ல." கணக்கப்பிள்ளை, "பதினஞ்சு சரி. எல்லாரும் வந்தாச்சு. உங்க பொட்டி நல்லா உழைக்குதும்மா," என்றார்.

அந்தச் சந்தோஷத்தில் எனக்கு ஒன்றும் உறைக்கவில்லை. அண்ணாச்சிக்கும் உறைக்கவில்லை. அவள் முகத்தைப் பார்த்தேன், ரத்தமே இல்லை.

"அண்ணாச்சி, நிறுத்துங்க," என்று போனில் கத்தினாள். கணக்கப்பிள்ளையையும் அவள் அண்ணாச்சி என்றுதான் கூப்பிடுவாள். "எங்கம்மா எப்படி ரெண்டு ரூம்ல இருப்பாக? பதினஞ்சுக்கு எந்த வழியா வந்தீக?"

"என்னம்மா?"

"முகப்புல இருந்து தொட்டு வந்தீகளா, அடுத்து அமுக்கி வந்தீகளா?"

"அடுத்துதாம்மா. இப்பத்தான் அதை அமுக்குனேன்."

"அது பதினாலோட பேரு. பதினஞ்சு யாருன்னு இன்னும் பாக்கவே இல்ல. முகப்புக்குப் போங்க. அங்கன இருந்து பதினஞ்சைத் தொடுங்க. வெரசா."

வாசலில் வீட்டு எண்ணை மட்டும் மாற்றிவிட்டு, உள்ளே பழைய குடித்தனக்காரரின் சட்டி பானையை அப்படியே விட்டுவைத்தால் எப்படியோ அப்படி. ஒரே ஃபைல்தானே எல்லா அறைக்கும்? முகப்புக்குப் போய் வந்தால் அது கலைந்து புதிதாக எழும், பெயர்களைப் புதிதாக எடுக்கும். அறையிலிருந்து நேராக அடுத்த அறைக்குப் போனால் கலையாமல் அப்படியே நிற்கும். எண் மாறும், பெயர் மாறாது. அவசரம் இல்லாத நாளெல்லாம் கணக்கப்பிள்ளை முகப்பு வழியாகத்தான் போய் வந்தார். அடுத்து என்ற பட்டனை அவர் முதன்முதலாக அமுக்கியது அன்றுதான். முதல் அறைகளில் முகப்பு வழியாகவே போயிருக்கிறார், அவசரம் ஏற ஏற, பதினாலு முடிந்ததும் பட்டனுக்கு மாறியிருக்கிறார். சோதனையிலேயே இது தெரிந்திருக்கும், எல்லா அறையிலும் ஒரே பெயர் இல்லாமலிருந்தால்.

போனில் மூச்சு வாங்கும் சத்தம். பிறகு கணக்கப்பிள்ளையின் குரல் மாறியிருந்தது. புதிதாக மூன்று பெயர்களைக் கூப்பிட்டார். முதல் பெயருக்குப் பதிலில்லை. இரண்டாவதுக்கும் இல்லை. மூன்றாவதையும் கூப்பிட்டார். கேட்டில் அத்தனை பேர் நின்றும் ஒரு குரல்கூட வரவில்லை.

"ஏலே, பதினஞ்சுல ஆளு இருக்குலே," என்று அவர் யாரையோ பார்த்து அலறியது கேட்டது. காலடிச் சத்தம். அதன் பிறகு போன் அங்கேயே கிடந்தது. நாங்கள் யாரும் துண்டிக்கவில்லை. அவளுடைய அம்மா அந்தப் பக்கம் போனருகே வந்து, "ஏ, நான் நல்லாருக்கேன், கேக்குதா?" என்றார். இவள், "அம்மா, பேசாத. போனை விடு. அவுக வந்துட்டாகளான்னு பாரு," என்றாள்.

இரண்டு பெண்கள் பின்பக்க வேலியைத் தாண்டிக் காட்டுக்குள் ஓடியிருந்தார்கள், பிறகு வந்துவிட்டார்கள். மூன்றாவது பெண்ணைச் சரிந்த கூரைத் தகட்டின் கீழிருந்து இழுத்து எடுத்தார்கள். தீ அந்தச் சுவரைத் தொட அதிக நேரம் இருந்திருக்காது என்று பிற்பாடு சொன்னார்கள். கால் நசுங்கியிருந்தது. உயிர் இருந்தது.

உயிர் இருக்கிறது என்று தெரிந்ததும் அவள் கணினியைத் திறந்தாள். கடவுச்சொல்லை மூன்று தரம் தப்பாக அடித்தாள். திருத்தம் ஒரே வரி: எண் மாறினால் பழையதைக் கலைத்துவிட்டுப் புதிதாக எழுப்பு. அதை எழுதி ஏற்றிவிட்டு, ஒவ்வோர் அறைக்கும் வெவ்வேறு பெயர் போட்டு, அடுத்து, அடுத்து என்று அமுக்கிக்கொண்டே இருந்தாள். அண்ணாச்சி தணிந்த குரலில், "நல்ல வேளை, நீ இருந்தே. நீ மட்டும் கண்டுபிடிக்கலைன்னா? இதை வெளிய சொல்லிக்கிட வேண்டாம், ஆலைக்காரக நம்ம மேல நல்ல எண்ணத்துல இருக்காக," என்றார்.

"கண்டுபிடிச்சதைச் சொல்ல வேண்டாம். செஞ்சதைச் சொல்லணும்ல?" என்றாள்.

மேனேஜரிடம் சொன்னாள். அவர் புரியாமல், பரவாயில்லம்மா என்றார். அது அவளுக்குப் போதவில்லை. விருதுநகர் பெரியாஸ்பத்திரிக்குப் போகவேண்டும் என்றாள். தனியே விட மனமில்லாமல் நானும் போனேன். ஆஸ்பத்திரிக்கு எத்தனை வாசல் என்றுகூடப் பார்க்கவில்லை, என் பின்னாலேயே வந்தாள். அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

அந்தப் பெண் காலில் பெரிய கட்டோடு படுத்திருந்தார். எங்களைவிடக் கொஞ்சம் மூத்தவர். தெரியாத முகங்கள் என்பதால், "வாங்க. எங்கன இருந்து வாரீக?" என்றார். அவள் கட்டில் பக்கம் போய் நின்றாள்.

பிறகு சொன்னாள். "கேட்டு ரூம்ல ஒரு பொட்டி இருக்குல்லக்கா, பேரு காட்டுறது. அதைச் செஞ்சது நான்தான்."

"ஆமா, சொன்னாக. அதுல என் பேரு இருந்துச்சா?"

"இருந்துச்சுக்கா."

"பெறகு ஏன் மொதல்ல கூப்பிடல? படுத்துக்கிடந்து கேட்டுக்கிட்டே இருந்தேன். எல்லாரையும் கூப்பிடுறாக, என் பேரு மட்டும் வரலை. தொண்டையில சத்தம் வரலை எனக்கு."

நான் அவள் கையைப் பிடித்தேன். உதறிவிட்டாள். "உங்க பேரு வர வேண்டிய எடத்துல முந்தின ரூம் பேரையே காட்டிருச்சுக்கா. பட்டனை வச்சது நான். சரியாப் பாக்காம விட்டதும் நான்."

அந்தப் பெண் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். திட்டுவார் என்று நினைத்தேன். திட்டினால் நல்லது என்றும் நினைத்தேன்.

"முந்தின ரூம்னா பதினாலா? என் எடத்துல யாரு பேரு வந்துச்சு?"

"எங்கம்மா பேரு."

அவர் தலையணையில் கொஞ்சம் நிமிர்ந்தார், வலியில் பல்லைக் கடித்தார். "ஏ, நீ அவுக மகளா?" என்றார். "பதினாலுலயும் கூரை விழுந்துச்சே. அம்மா நல்லாருக்காகளா?"

அவள் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு அழுதாள். நல்லாருக்காக அக்கா என்று நான்தான் சொன்னேன்.